வெள்ளை போர்டு பஸ்ஸும் மாவு ரூம் வெல்லமும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பிளஸ் டூ முடித்த என் மாணவி ஒருத்தியின் அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். நான் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பொருளாதாரம் நடத்துகிறவள். அதனாலேயே சீட்டுக் கணக்கு, நகைக்கடன் வட்டி என்று யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்கு மாதம் பாலுக்கு எவ்வளவு ஆகிறது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன் என்பதை வெளியில் சொல்வதில்லை.

அந்த அம்மாவின் பெண்ணுக்குச் சென்னையில் இடம் கிடைத்திருக்கிறது. ஃபீஸுக்கு எப்படியோ வழி செய்துவிட்டார்கள். தெரியாதது மற்ற செலவெல்லாம். "சோத்துக்கு, பஸ்ஸுக்கு, சோப்பு சீப்புக்கு மாசம் எவ்ளோ ஆவும்னு ஒரு தொக சொல்லுங்க டீச்சர்" என்றார். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். குதிகால் வெடிப்புகளில் வெள்ளை படிந்திருந்தது. செராமிக் கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் கால் அப்படித்தான் இருக்கும், எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. நான் ஒரு தொகை சொன்னேன். அதை அவர் மனசுக்குள் வாரக்கூலியோடு ஒட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு, "அச்சு வேலையில இருக்கேன். மாவு ரூமுக்கு வந்தா கூலி கூட போட்டுத் தரேன்றாங்க. அதான் கணக்கு கேட்டுக்கலாம்னு வந்தேன்" என்றார்.

மாவு ரூமுக்கு மட்டும் போகாதீர்கள் என்றேன். உதவித்தொகைக்கு நானே எழுதித் தருகிறேன், பெண்ணை அனுப்புங்கள் என்றேன். "சரிங்க டீச்சர்" என்றார். வகுப்பில் பிள்ளைகள் சொல்வார்களே, அந்தச் சரிங்க டீச்சர். அதற்கு என்ன அர்த்தம் என்று வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அவர் போன பிறகும் கூடத்தில் ஒரு வாசனை நின்றது. காய்ந்த சுண்ணாம்புக்கும் பழைய சிலேட்டுக்கும் நடுவில் ஒரு வாசனை. என் அப்பாவின் சட்டையிலும் கடைசி வருடங்களில் இதுதான் இருந்தது. அதற்கு முன்னால் அப்பாவின் வாசனை வேறு. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவரும் அச்சு வேலையில்தான் இருந்தார். கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றிப் பொம்மை எடுப்பது. மாலையில் வந்தால் ஈர மண் வாசனையோடு வருவார், சில நாள் காது போன யானை, மூக்கு போன கிளி என்று சூளையில் வீணானதை மடியில் கட்டிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டு அலமாரியில் முழு யானை ஒன்றுகூடக் கிடையாது. யானைக்கு ஒரு காதுதான் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்ததாக அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

எனக்குச் சென்னையில் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்தபோது அப்பா மாவு ரூமுக்கு மாறினார். மாவு ரூம் என்றால் கல்லை அரைத்துச் சலிக்கிற இடம். வெள்ளைக் கல், மைதா போல ஆகும் வரை அரைப்பார்கள். உள்ளே போன ஆள் வெளியே வரும்போது புருவம் நரைத்திருக்கும். அங்கே யாரும் விரும்பிப் போகமாட்டார்கள் என்பதால் கூலி கூட. அந்தக் கூடுதல் கூலியும் என் ஹாஸ்டல் மெஸ் பில்லும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. அப்பா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ரெண்டு வருசம்தான், கண்ண மூடித் தொறந்தா ஓடிரும்" என்றார். முதல் வாரமே இருமல் வந்துவிட்டது. அன்றைக்கே நான் ஒரு முடிவு எடுத்தேன். மெஸ் பில்லை ஒழித்துவிட்டால் அப்பாவை மறுபடி அச்சு மேசைக்கு அனுப்பிவிடலாம். இருபது வயதில் எல்லாக் கணக்கும் எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

சென்னையில் பிழைப்பது எப்படி என்று எனக்குச் சொல்லித் தந்தவள் ஸ்டெல்லா. கம்மாபுரம் பக்கத்துப் பெண், என் அறைத்தோழி. சுரங்கத்துக்கு நிலம் போய், பணம் வந்து, அந்தப் பணம் இரண்டு பைக்காகவும் ஒரு அக்கா கல்யாணமாகவும் மாறி முடிந்த வீடு அவளுடையது. அதனால் அவளுக்குப் பணத்தின் மேல் ஒரு தீராத சந்தேகம் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது என் கையைப் பிடித்து வைத்துக்கொள்வாள், டீலக்ஸ் பஸ்ஸில் ஏறிவிடக்கூடாது என்று. வெள்ளை போர்டு வரும் வரை நிற்க வேண்டும். வெள்ளை போர்டு என்றால் சாதாரணக் கட்டணம். அது கடைசியில் வரும், வந்தாலும் படியில் கால் வைக்க இடமிருக்காது. வெயிலில் அத்தனை நேரம் நின்றதற்கு நடந்தே போயிருக்கலாம் என்று தோன்றும், அப்புறம் நடந்தே போக ஆரம்பித்தோம். இப்போது அதே சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. போன வருடம் சென்னைக்குப் போனபோது இலவசமாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சந்தோஷப்படுவதற்குப் பதிலாக எனக்கு யார் மேலோ கோபம் வந்தது.

மெஸ் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஹாஸ்டலில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவு மொத்தத்தையும் சாப்பிட்டவர்கள் தலையில் பிரித்துப் போடுவார்கள். சிக்கன் போடலாமா, ஐஸ்கிரீம் போடலாமா என்று கூட்டம் நடத்திக் கை தூக்கச் சொல்வார்கள். அப்பா பேங்கில் இருக்கிற பெண்களின் கைகள் முதலில் எழும். நானும் ஸ்டெல்லாவும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தீர்மானம் நிறைவேறிவிடும். அப்புறம் ஐஸ்கிரீமை விடாமல் வழித்துச் சாப்பிடுவோம், காசு கொடுத்தாயிற்றே. மாலையில் பேராசிரியர் நுகர்வோரின் சுதந்திரமான தேர்வு என்று பாடம் நடத்துவார். நான் வரிக்கு வரி எழுதிக்கொள்வேன்.

ஆனால் டிவைடிங் சிஸ்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தொடர்ந்து சில நாள் சாப்பிடாமல் இருந்தால் அந்த நாட்களைக் கழித்துவிடுவார்கள். மெஸ் கட் என்போம். ஊருக்குப் போகிறவர்களுக்காக வைத்த ஏற்பாடு அது. நான் ஊருக்குப் போகாமலே வெட்டினேன். முதலில் மாதத்தில் ஒரு வாரம், அப்புறம் இரண்டு வாரம். அறையில் அடுப்பு வைக்கக்கூடாது. அவலுக்கு அடுப்பு வேண்டாம். தண்ணீரில் நனைத்து, உப்பும் அம்மா கொடுத்துவிட்ட புளிக்காய்ச்சலும் போட்டுப் பிசைந்தால் ஒரு வேளை ஓடிவிடும். சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் தட்டோடு கீழே இறங்கும்போது நான் அறையில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பேன். சாம்பார் வாசனை மாடிப்படி ஏறி வரும். அந்தச் சாம்பாரை நாங்களே கிண்டல் செய்திருக்கிறோம், ஆனால் பசித்தவளுக்கு அது வேறு சாம்பார்.

புளிக்காய்ச்சல் எப்படி வரும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் காலை சென்னை பஸ் கிளம்பும்போது கண்டக்டரிடம் பையைக் கொடுத்து, டீ செலவுக்கு ஏதோ கொடுத்து, பஸ் நம்பரை எனக்குப் போனில் சொல்வாள் அம்மா. மத்தியானம் நான் கோயம்பேட்டில் போய் நின்று, அந்த நம்பர் வந்ததும் ஓடிப்போய் வாங்கிக்கொள்ள வேண்டும். ரசீது கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒரு தடவைகூடத் தொலைந்ததில்லை. பைக்குள் அரிசி முறுக்கு, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் இருக்கும். முதல் பருவத்தின் நடுவில் இன்னொன்றும் சேர்ந்து வர ஆரம்பித்தது. செய்தித்தாளில் சுருட்டிய சின்னச் சின்ன வெல்லக் கட்டிகள்.

அந்த வெல்லம் என் பட்ஜெட்டையே தலைகீழாக மாற்றியது. புளி அவல் இரண்டு வேளைக்கு மேல் நெஞ்சைக் கரிக்கும். வெல்ல அவல் அப்படியில்லை, பலகாரம் சாப்பிட்ட மாதிரி இருக்கும், வயிறும் நிற்கும். நான் பெரிய கண்டுபிடிப்பாளர் போல அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "வெல்லம் நல்லாருக்குதும்மா. இன்னும் கொஞ்சம் கூட குடுத்து வுடு." அந்தப் பக்கம் அம்மா சரி என்றாள். அடுத்த பையில் கூடுதலாக வந்தது. அந்த மாத மெஸ் பில் பாதியாக வந்தபோது நான் அப்பாவிடம் சொன்னேன், இனிமேல் இவ்வளவு அனுப்ப வேண்டாம், நீங்கள் அச்சு வேலைக்கே போய்விடுங்கள் என்று. வேறு ஆள் கிடைக்கட்டும் என்று முதலாளி சொல்கிறார், பார்க்கலாம் என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமினார். போனில் இருமல் நேரில் கேட்பதைவிடப் பெரிதாகக் கேட்கும்.

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தேன். போகிக்கு முந்தின நாள் சாயங்காலம், துணி எடுக்கப் போகலாம் என்று அப்பாவைக் கூப்பிட நானே கம்பெனிக்குப் போனேன். வேலை முடிகிற நேரம். மாவு ரூமிலிருந்து ஆட்கள் வெளியே வந்து வரிசையாக நின்றார்கள். மேஸ்திரி ஒரு தகர டப்பாவிலிருந்து ஆளுக்கொரு கட்டி வெல்லம் கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்கியவர்கள் அங்கேயே வாயில் போட்டு, குழாயில் தண்ணீர் குடித்தார்கள். தூசியில் வேலை செய்கிறவர்கள் வெல்லம் சாப்பிட்டால் நெஞ்சில் படிந்த தூசி இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். முதலாளியே தினமும் கொடுத்துவிடுவார். வாய்க்குக் கட்டுகிற நல்ல துணியைவிட வெல்லம் மலிவு என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை.

அப்பாவின் முறை வந்தது. வாங்கினார். சட்டைப் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து, சுற்றி, திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சுருட்டலை எனக்குத் தெரியும். என் ஹாஸ்டல் அலமாரியில் அதே மாதிரி எத்தனையோ கிடந்தன.

பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்த தனம் அக்கா, சலிக்கிற வேலை செய்பவர், என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒங்கப்பா வெல்லம் துன்னவே மாட்டாரு பாப்பா. நாங்க சொல்லிச் சொல்லிப் பாத்துட்டோம். பொண்ணுக்கு மெட்ராஸுக்கு பஸ்ஸுல போவுதுன்னு சொல்லுவாரு" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

துணிக்கடைக்குப் போகவில்லை. அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், நான் கூடவே நடந்தேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததில் தாடை வலித்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபோது கேட்டேன். தனக்கு இனிப்பே ஆகாது என்றார் அப்பா. கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கு இலையை மடித்து அணை கட்டுகிற மனுஷர் அவர். நான் முறைத்தேன். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, "நல்லாருக்குதுன்னு நீதான சொன்ன" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. என்னிடமிருந்து நல்ல சேதி வந்ததே என்ற குரல். கூட்ஸ் வண்டி போய் கேட் திறந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அதன் பிறகுதான் எனக்குப் பட்ஜெட் என்றால் என்னவென்று புரிந்தது. மெஸ்ஸில் சாப்பிட்டால் அந்தப் பில்லுக்காக அப்பா மாவு ரூமில் இருக்க வேண்டும். மெஸ்ஸை வெட்டினால் அவர் நெஞ்சுக்கான வெல்லம் எனக்கு வரும். எந்தப் பக்கம் மிச்சம் பிடித்தாலும் அது அவர் உடம்பிலிருந்துதான் வந்தது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்கு ஒரு அத்தியாயம் இல்லை. சென்னைக்குத் திரும்பியதும் மெஸ் கட்டை நிறுத்தினேன். வெல்லம் எனக்குச் சலித்துவிட்டது, இனி அனுப்பாதே, அப்பா தன் வெல்லத்தைத் தானே சாப்பிடட்டும் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அம்மா சத்தியம் செய்யாத குறையாகச் சரி என்றாள்.

அடுத்த பையில் வெல்லம் இல்லை. கடலை உருண்டை இருந்தது. கடையில் வாங்கியது என்று அம்மா சொன்னாள். நானும் ஸ்டெல்லாவும் டப்பாவைக் காலி செய்தோம். அடுத்த தடவையும் வந்தது. கடைசி உருண்டையைக் கடிக்கும்போதுதான் ஸ்டெல்லா, "இது கடையில வாங்குனதா இருக்காதுடி, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருக்குது" என்றாள். நான் அதைத் துப்பவில்லை. துப்பி என்ன செய்வது. மென்று விழுங்கிவிட்டு, கீழே போய்ப் போன் செய்து அம்மாவிடம் கத்தினேன். ஹாஸ்டல் காவலாளி எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அன்றோடு இனிப்பு எதுவும் வருவது நின்றது.

இரண்டு வருடம் முடிந்தது. அப்பா சொன்ன மாதிரி கண்ணை மூடித் திறந்தால் ஓடிவிடவில்லை, ஒவ்வொரு நாளாகத்தான் ஓடியது. பி.எட். படிக்க இன்னொரு வருடம், வேலைக்காகக் காத்திருந்தது இன்னும் கொஞ்சம். அதுவரை அப்பா மாவு ரூமை விட்டு வரவில்லை. என் முதல் சம்பளம் வந்த மாதம்தான் நின்றார். அதற்குள் மாடிப்படி ஏற முடியாதவராகியிருந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டரிடம், அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்டேன். தினமும் வெல்லம் சாப்பிட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காதா. டாக்டர் சின்ன வயசுக்காரர், எங்கள் ஊர்ப் பக்கம்தான். "தூசி நுரையீரலுக்குப் போவுதுங்க. வெல்லம் வயித்துக்குப் போவுது. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கும் அறிவுக்கு அது புரிகிறது, வகுப்பில் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அப்பா அப்படி நினைக்கவில்லையே. வெல்லம்தான் மருந்து என்று முழுசாக நம்பிக்கொண்டே அதைப் பொட்டலம் கட்டியவர் அவர். டாக்டர் சொன்னது அந்த இடத்தைத் தொடவில்லை.

அப்பா போன பிறகு தனம் அக்காவையும் ரொம்ப நாள் பார்க்கவில்லை. விசாரித்தபோது அவரும் போய்விட்டார் என்றார்கள், அதே இருமல். அந்தக் கம்பெனி மூடி, கொட்டகையில் இப்போது சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். எங்கள் ஊர் பஸ்கள் கோயம்பேட்டுக்குப் போவதில்லை, கிளாம்பாக்கத்திலேயே இறக்கிவிடுகின்றன. பையைக் கண்டக்டரிடம் கொடுத்தால் வாங்குவாரா என்று தெரியாது, யாரும் கொடுப்பதாகவும் தெரியவில்லை. ஹாஸ்டலை இடித்துவிட்டு உயரமாகக் கட்டுகிறார்கள். ஸ்டெல்லா கோயம்புத்தூரில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வாள், இருவருமே கடலை உருண்டையைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டு அலமாரியில் ஒற்றைக் காது யானைகள்கூட இல்லை, வீடு மாறும்போது உடைந்து போயின.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருக்கிறது. நான் கத்திய பிறகு, அந்த மிச்ச வருடங்களில், அப்பா தன் வெல்லத்தைச் சாப்பிட்டாரா? அது மருந்தோ இல்லையோ, தன் பங்கு இனிப்பையாவது அந்த மனுஷர் தின்றாரா? பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை. மிச்சமிருப்பது அம்மா மட்டும்தான். அந்த மாணவியின் அம்மா வந்துபோன அன்று மத்தியானம், சோறு பரிமாறும்போது, எத்தனையாவது முறையோ அம்மாவிடம் கேட்டேன். "துன்னாருடி, தெனமும் துன்னாரு" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

என் அம்மா சாப்பாட்டு விஷயத்தைத் தவிர வேறெதிலும் என்னிடம் பொய் சொன்னதில்லை.